மின்னைச் சேமிக்க முனைந்தவர்

தம்பின் வட்டாரத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்வெட்டு வேலை விடியுமுன்பே தொடங்கிவிடும். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும். ஆகவே, இருட்டோடு இருட்டாகப் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டுத் தொழிலாளர்கள் நிரைக்குள் இறங்குவார்கள். ஒரு கையில் உளி. மறு கையில் வாளி. விளக்கைப் பிடிக்க மூன்றாவது கை ஏது? அதனால் விளக்கு நெற்றிக்கு ஏறியது. முதலில் கார்பைடு விளக்கு எரிந்தது. பின்னர் மின்கல விளக்கு வந்தது.

மின்கலம் வந்த பிறகும் ஒரு தொல்லை தீரவில்லை. இரவு முழுவதும் மின்னூட்டி வைத்த மின்கலத்தைச் சில வாரம் கழித்து எடுத்தால், அது அரை உயிரோடு மங்கலாக எரியும். யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. விசையை யாரும் அழுத்தவுமில்லை. இருந்தும் உள்ளே இருந்த மின்னூட்டம் தானாகவே குறைந்துவிட்டது. ஓட்டை வாளியில் ஊற்றி வைத்த நீரைப் போன்றது அது. வீட்டில் வானொலி, கைவிளக்கு, கடிகாரம், விளையாட்டுப் பொருள் என எதற்கு மின்கலம் வாங்கினாலும் இதே கேள்வி எழும். இது எவ்வளவு நாள் தாங்கும்?

இந்தக் கேள்வியோடு ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் போராடியவர் தாமஸ் ஆல்வா எடிசன். அவரை மின்விளக்கோடு சேர்த்தே உலகம் நினைக்கிறது. ஆயினும், அவருடைய வாழ்நாளில் அவரை மிக நீண்ட காலம் அலைக்கழித்த வேலை விளக்கு அன்று, மின்கலமே. அந்தப் போராட்டத்தில் அவர் பெற்ற வெற்றியும் அரை வெற்றிதான்.

எடிசன் 1847ஆம் ஆண்டு பிப்ரவரி 11ஆம் நாள் அமெரிக்காவின் ஒகாயோ மாநிலத்தில் மிலன் என்னும் சிற்றூரில் பிறந்தார். ஏழு பிள்ளைகளில் அவரே கடைசி. அவருக்கு ஏழு வயதானபோது குடும்பம் மிச்சிகன் மாநிலத்தின் போர்ட் ஹியூரன் நகருக்குக் குடிபெயர்ந்தது. பள்ளியில் அவர் படித்தது மிகக் குறைந்த காலமே. அன்னை நான்சி, முன்பு ஆசிரியையாக இருந்தவர். மகனை வீட்டிலேயே உட்கார வைத்துக் கற்பித்தார். பன்னிரண்டு வயதில் எடிசன் போர்ட் ஹியூரனுக்கும் டெட்ராய்ட்டுக்கும் இடையே ஓடிய இரயிலில் நாளிதழும் மிட்டாயும் விற்கத் தொடங்கினார். இளமையிலேயே அவருடைய செவித்திறன் குன்றியது. வயது ஏற ஏற அது மேலும் மோசமடைந்தது.

1862ஆம் ஆண்டில் நடந்த ஒரு நிகழ்ச்சி அவருடைய வாழ்க்கைப் பாதையை மாற்றியது. மவுண்ட் கிளெமன்ஸ் இரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஒரு சிறுவனை, உருண்டு வந்த இரயில் பெட்டியின் முன்னாலிருந்து எடிசன் இழுத்துக் காப்பாற்றினார். அச்சிறுவன் நிலைய அதிகாரியின் மகன். நன்றிக்கடனாக அத்தந்தை எடிசனுக்குத் தந்தி அனுப்பும் தொழிலைக் கற்றுக்கொடுத்தார்.

அந்தக் காலத்தில் தந்தி நிலையம் என்றால் மின்கலங்கள் நிறைந்த இடம் என்று பொருள். மின்நிலையங்களோ வீடுகளுக்கு மின்கம்பிகளோ இல்லாத காலம் அது. தந்திக் கம்பியில் ஓடிய மின்சாரம் முழுவதும் கண்ணாடிச் சாடிகளில் இருந்த அமிலத்திலிருந்தும் உலோகத் தகடுகளிலிருந்தும் கிடைத்தது. மின்சாரம் என்பதை எடிசன் முதன்முதலில் அறிந்துகொண்டது மின்கலத்தின் வழியாகத்தான்.

அந்த அறிமுகம் இனிமையாக முடியவில்லை. 1867ஆம் ஆண்டு கெண்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் அவர் இரவு வேலை பார்த்தார். செய்திகளைத் தந்தியில் வாங்கி எழுதுவது அவருடைய பணி. ஓய்வு நேரத்தில் ஓர் ஈய மின்கலத்தை வைத்து ஏதோ சோதனை செய்துகொண்டிருந்தபோது கந்தக அமிலம் தரையில் கொட்டிவிட்டது. பலகைத் தரையின் இடுக்கில் வழிந்த அமிலம் கீழ்த்தளத்தில் இருந்த மேலதிகாரியின் மேசைமேல் சொட்டியது. மறுநாள் காலையில் இருபது வயது எடிசனுக்கு வேலை போயிற்று. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அமிலமே இல்லாத மின்கலத்தை உருவாக்கப் போகிறவருக்கு, அமிலத்தால் நேர்ந்த முதல் இழப்பு அது.

அதன் பின்னர் அவர் அடைந்த வளர்ச்சியைப் பலரும் அறிவர். 1876இல் மென்லோ பார்க் ஆய்வுக்கூடம், 1877இல் ஒலிப்பதிவுக் கருவி, 1879இல் நீண்ட நேரம் எரியும் மின்விளக்கு, 1882இல் நியூயார்க்கின் பெர்ல் வீதியில் மின்நிலையம் என்று வரிசையாகச் சாதனைகள் வந்தன. 1887இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் வெஸ்ட் ஆரஞ்ச் நகரில் முன்னதைவிடப் பெரிய ஆய்வுக்கூடத்தைக் கட்டினார்.

இக்காலத்தில் சேமிப்பு மின்கலத்தின்மீது அவருக்கு நல்லெண்ணமே இல்லை என்பது வியப்பளிக்கலாம். 1859ஆம் ஆண்டிலேயே பிரான்சு நாட்டின் காஸ்தோன் பிளாந்தே, மீண்டும் மீண்டும் மின்னூட்டக்கூடிய ஈய மின்கலத்தை உருவாக்கியிருந்தார். 1880களில் அதை விற்பதற்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல நிறுவனங்கள் முளைத்தன. பொய்யான வாக்குறுதிகளும் மலிந்தன. சேமிப்பு மின்கலம் என்பது முதலீட்டாளர்களின் பணத்தைக் கறக்கும் ஏமாற்று வேலை என்று எடிசன் 1883இல் கடுமையாகச் சாடினார். அந்தச் சாடலில் கொஞ்சம் தன்னலமும் கலந்திருக்கலாம். மின்நிலையத்திலிருந்து கம்பி வழியே மின்சாரம் விற்பவருக்கு, மின்சாரத்தைப் பெட்டியில் அடைத்து விற்பவர் போட்டியாளர்தானே!

1890களின் இறுதியில் நிலைமை மாறியது. அமெரிக்க நகரங்களின் தெருக்களில் குதிரை இல்லாத வண்டிகள் ஓடத் தொடங்கின. நீராவி வண்டி, பெட்ரோல் வண்டி, மின்சார வண்டி என்று மூன்று வகைகள் போட்டியிட்டன. மின்சார வண்டி அமைதியாக ஓடியது, புகையில்லை, கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றி இயந்திரத்தை முடுக்க வேண்டிய தொல்லையும் இல்லை. அதன் குறை ஈய மின்கலம்தான். அது வண்டிக்கே பாரமாக இருந்தது. அமிலம் தகடுகளையும் பெட்டியையும் அரித்தது. முழுதாகத் தீர்த்துவிட்டு அப்படியே விட்டுவிட்டால் தகடுகள் கெட்டுப்போகும். இலேசான, நீடித்து உழைக்கும் ஒரு மின்கலம் கிடைத்துவிட்டால் வண்டிப் போட்டியில் மின்சாரமே வெல்லும் என்று எடிசன் நம்பினார்.

அப்போது அவருக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. இரும்புத் தாதுவைக் காந்தத்தால் பிரித்தெடுக்கும் தொழிலில் இறங்கிப் பெரும் பணத்தையும் ஏறத்தாழப் பத்து ஆண்டுகளையும் அவர் இழந்திருந்த நேரம். வேறொருவராக இருந்தால் ஓய்ந்திருப்பார். எடிசன் 1901இல் மின்கலத்துக்கென்று தனி நிறுவனம் ஒன்றையே தொடங்கினார்.

அமிலத்தை அறவே விலக்குவது என்பது அவருடைய முதல் முடிவு. அமிலத்துக்கு மாற்றாகக் காரக் கரைசலைப் பயன்படுத்தினால் உலோகங்கள் அரிக்கப்படாமல் நீண்ட காலம் இருக்கும் என்று அவர் எண்ணினார். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்னும் காரத்தை நீரில் கரைத்து, அதில் இரண்டு வெவ்வேறு பொருள்களை வைத்துப் பார்க்க வேண்டும். எந்த இரண்டு? அதைச் சொல்லும் கோட்பாடு அன்று தெளிவாக இல்லை. ஆகவே செம்பு, துத்தநாகம், கோபால்ட்டு, காட்மியம் என்று ஒவ்வொன்றாக எடுத்து, பல்வேறு அளவுகளில் கலந்து, மின்னூட்டி, தீர்த்து, மறுபடியும் மின்னூட்டிச் சோதித்தார்கள். உதவியாளர்கள் இரவு பகலாக முறை வைத்து வேலை செய்தார்கள்.

இந்தக் கட்டத்தைப் பற்றித்தான் அந்தப் புகழ்பெற்ற கதை வழங்குகிறது. எடிசனின் நண்பரும் தொழில் கூட்டாளியுமான வால்ட்டர் மெல்லரி ஒருநாள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தார். ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகள் முடிந்தும் விளைவு ஒன்றும் கிட்டவில்லையே என்று அவர் வருந்தியபோது, விளைவுகள் ஏராளமாகக் கிட்டியிருக்கின்றன என்றும் எவையெவை பயன்படாது என்பது ஆயிரக்கணக்கில் தெரிந்திருக்கிறது என்றும் எடிசன் சிரித்துக்கொண்டே விளக்கினாராம். பிற்காலத்தில் இந்தக் கதை மின்விளக்கோடு ஒட்டிக்கொண்டது. எண்ணிக்கையும் ஆளுக்கு ஆள் மாறிப் பத்தாயிரம் வரை வளர்ந்தது. மெல்லரி இதைச் சொன்னது மின்கலத்தைப் பற்றியே.

இறுதியில் எடிசன் தேர்ந்தெடுத்தவை நிக்கலும் இரும்பும். ஒருபுறம் நிக்கல் ஹைட்ராக்சைடு. மறுபுறம் நுண்ணிய இரும்புத் தூள். இடையில் காரக் கரைசல். 1903ஆம் ஆண்டு அது விற்பனைக்கு வந்தது. ஈய மின்கலத்தைவிட இலேசானது, எளிதில் கெடாதது என்று விளம்பரங்கள் முழங்கின. செய்தியாளர்களிடம் எடிசனும் அடக்கமாகப் பேசவில்லை. வணிகர்கள் தங்கள் வண்டிகளில் அதைப் பொருத்தினார்கள்.

சில மாதங்களில் புகார்கள் வரத் தொடங்கின. பெட்டிகளின் பற்றவைப்பு விட்டுப்போய்க் காரக் கரைசல் கசிந்தது. அதைவிடக் கவலை தந்த செய்தி இன்னொன்று. பல மின்கலங்கள் தம் கொள்ளளவை இழந்துகொண்டிருந்தன. நேற்றுத் தாங்கிய மின்னூட்டத்தை இன்று தாங்கவில்லை. சில மின்கலங்கள் நன்றாகவே இருந்தன, சில வீழ்ந்தன. ஏன் என்று யாருக்கும் புரியவில்லை.

எடிசனுக்கு முன் இரண்டு வழிகள் இருந்தன. வாங்கியவர்கள் பெரும்பாலோர் குறை சொல்லவில்லை. சிறிய திருத்தங்களோடு விற்பனையைத் தொடர்ந்திருக்கலாம். அவருடைய பெயரே போதும், சரக்கு விலை போகும். ஆனால் அவர் 1904இன் இறுதியில் தொழிற்சாலையை நிறுத்தினார். விற்ற மின்கலங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். பழுதானவற்றுக்குத் தம் கையிலிருந்து பணம் கொடுத்தார். பின்னர் ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பி, முதலிலிருந்து தொடங்கினார். எடிசனின் வாழ்க்கை வரலாற்றில் வேறு எந்த வெற்றியைக் காட்டிலும் இந்த ஒரு முடிவு அவரை உயர்த்திக் காட்டுகிறது.

குறையைக் கண்டுபிடிக்கவே பல ஆண்டுகள் பிடித்தன. நிக்கல் ஹைட்ராக்சைடு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஆகவே, பென்சிலில் இருக்கிறதே, அதே கிராஃபைட்டைச் செதில் செதிலாக அதனுடன் கலந்திருந்தார்கள். மின்னூட்டும்போது நிக்கல் பொருள் வீங்கும், தீரும்போது சுருங்கும். வீங்கிச் சுருங்கி, வீங்கிச் சுருங்கி, கிராஃபைட்டுச் செதில்களோடு அதற்கிருந்த தொடர்பு விட்டுப்போயிற்று. மின்கலத்தில் பொருள் இருந்தது; அதிலிருந்து மின்சாரம் வெளியேற வழி இல்லை.

கிராஃபைட்டுக்குப் பதிலாக எடிசன் நிக்கலையே செதிலாக்கினார். அதைச் செய்த விதம் சுவையானது. ஓர் உருளையின்மேல் மின்முலாம் பூசும் முறையில் செம்பும் நிக்கலும் மாறி மாறிப் பல படலங்களாகப் பூசப்பட்டன. அந்த அடுக்கை உரித்துச் சிறுசிறு சதுரங்களாக வெட்டி, செம்பை மட்டும் கரைத்துவிட்டால், காற்றில் பறக்கக்கூடிய அளவுக்கு மெல்லிய நிக்கல் செதில்கள் மிஞ்சும். துளையிட்ட எஃகுக் குழாய்க்குள் ஓர் அடுக்கு நிக்கல் ஹைட்ராக்சைடு, ஓர் அடுக்கு செதில் என நூற்றுக்கணக்கான அடுக்குகளை இட்டு, ஒவ்வொன்றையும் இடித்து இறுக்கினார்கள். காரக் கரைசலில் சிறிதளவு லித்தியம் ஹைட்ராக்சைடு சேர்த்தபோது கொள்ளளவு கூடியது. பெட்டியின் மூட்டுகளை ஈயப் பற்றால் ஒட்டுவதை விட்டு, எஃகை உருக்கி இணைத்தார்கள். புதிய மின்கலத்தை இயந்திரத்தில் கட்டிப் பல இலட்சம் முறை குலுக்கினார்கள். வண்டியில் ஏற்றிக் கரடுமுரடான சாலைகளில் நாள்தோறும் ஓட்டினார்கள்.

1909ஆம் ஆண்டில் அது மீண்டும் சந்தைக்கு வந்தபோது எடிசனுக்கு வயது அறுபத்திரண்டு.

இதே நேரத்தில் கடலுக்கு அப்பால் சுவீடன் நாட்டில் இன்னொரு மனிதர் இதே பாதையில் நடந்துகொண்டிருந்தார் என்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. அவர் பெயர் வால்டெமர் யுங்னர். 1869இல் பிறந்தவர், உப்சாலா பல்கலைக்கழகத்தில் படித்தவர். 1899ஆம் ஆண்டிலேயே அவர் நிக்கலையும் காட்மியத்தையும் காரக் கரைசலில் வைத்து மின்னூட்டக்கூடிய மின்கலத்தை உருவாக்கியிருந்தார். நிக்கலோடு இரும்பைச் சேர்த்தும் அவர் சோதித்துப் பார்த்ததுண்டு. எடிசன் பெரும் ஆய்வுக்கூடமும் பெரும் பெயரும் உடையவர். யுங்னருக்கோ இரண்டும் இல்லை. காப்புரிமைக்காக இருவருக்குமிடையே நீண்ட வழக்கு நடந்தது. அமெரிக்காவில் எடிசன் தரப்பின் கையே ஓங்கியது. வழக்குச் செலவும் 1905இல் தொழிற்சாலையில் பிடித்த தீயும் யுங்னரின் நிறுவனத்தை நலிவடையச் செய்தன. 1924இல் அவர் மறைந்தபோது சுவீடனுக்கு வெளியே அவரை அறிந்தவர் சிலரே.

எடிசனின் மின்கலம் நன்றாக விற்றது. ஆனால் எதற்காக அதைச் செய்தாரோ அதற்கு அது உதவவில்லை. 1908இல் அவருடைய நண்பர் ஹென்றி ஃபோர்டு மலிவான பெட்ரோல் வண்டியை வெளியிட்டார். 1912இல் கெட்டரிங் என்னும் பொறியாளர் அமைத்த மின்முடுக்கி கெடிலாக் வண்டிகளில் வந்தது. பெட்ரோல் வண்டியைக் கையால் சுழற்றும் தொல்லை ஒழிந்தது. அந்த முடுக்கிக்கும் ஒரு மின்கலம் தேவைப்பட்டது. நொடிப் பொழுதில் பெரும் மின்னோட்டத்தைக் கொட்டக்கூடிய மின்கலமாக அது இருக்க வேண்டும். எடிசனின் மின்கலம் நிதானமாகத் தரும், ஒரேயடியாகக் கொட்டாது. குளிரில் இன்னும் சோம்பும். அந்த இடத்தை அவர் வெறுத்த ஈய மின்கலமே பிடித்துக்கொண்டது. இன்றும் நம் கார்களின் முன்மூடியைத் திறந்தால் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது.

ஆனால் வண்டிச் சந்தையில் தோற்றது வேறு பல இடங்களில் வென்றது. இரயில் சமிக்ஞைகள், இரயில் பெட்டிகளின் விளக்குகள், சரக்கு வண்டிகள், மின்கம்பி எட்டாத கிராமத்து வீடுகள் என அது பரவியது. இவற்றுள் உயிர் காத்த பயன் ஒன்று உண்டு. 1912ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் மேற்கு வர்ஜீனியாவின் ஜெட் என்னும் ஊரில் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து எண்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அக்காலச் சுரங்கத் தொழிலாளர் தொப்பியில் தீச்சுடர் எரியும் விளக்கை அணிந்து உள்ளே செல்வார்கள். சுரங்கத்தில் தேங்கும் எரிவாயுவை அந்தச் சுடர் தொட்டால் வெடிப்புதான். அமெரிக்கச் சுரங்கத் துறையில் பணியாற்றிய ஜான் ரயன், ஜார்ஜ் டைக் ஆகிய இரு பொறியாளர்கள் இதற்கு முடிவு காண விரும்பி எடிசனை நாடினார்கள். அதன் விளைவாகச் சுடரில்லாத மின்சாரத் தொப்பி விளக்கு பிறந்தது. விளக்கு நெற்றியில், எஃகுப் பெட்டிக்குள் மின்கலம் இடுப்பு வாரில், இடையில் ஒரு கம்பி. ஒருமுறை மின்னூட்டினால் பன்னிரண்டு மணி நேர வேலைக்குத் தாங்கும். வேலை முடிந்து வந்ததும் விளக்கறையில் மாட்டிவிட்டுப் போகலாம். மறுநாளைக்கு அது தயாராக இருக்கும். தோட்டப்புறங்களில் பால்வெட்டுத் தொழிலாளர் அணிந்த நெற்றி விளக்கும் இந்தச் சுரங்க விளக்கின் உறவுதான்.

பன்னிரண்டு மணி நேரம் என்பதைக் கவனிக்க வேண்டும். நாள்தோறும் மின்னூட்டப்படும் விளக்குக்கு எடிசனின் மின்கலம் மிகப் பொருத்தமானது. அதைப் போட்டு வைத்துவிட்டால் கதை வேறு. இரும்பு, காரக் கரைசலில் இருக்கும் நீரோடு மெல்ல வினைபுரிந்து ஹைட்ரஜன் வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். அந்த வினையில் சேமித்த மின்னூட்டம் கரையும். ஒரு மாதம் சும்மா வைத்திருந்தால் கால் பங்கு வரை போய்விடும். வெப்பமான இடத்தில் இன்னும் விரைவாகப் போகும். அந்த மின்கலத்தின் ஆயுளோ இருபது ஆண்டு, முப்பது ஆண்டு என நீளும். பாதி நூற்றாண்டு உழைத்தவையும் உண்டு. ஆக, எடிசன் செய்தது நீண்ட காலம் வாழும் மின்கலம். நீண்ட நாள் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் மின்கலம் அன்று. இவ்விரண்டும் ஒன்றே என்று பலர் எண்ணிவிடுகின்றனர்.

வெளியேறும் அந்த வாயு ஒருமுறை பெருந்துயரையும் விளைவித்தது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றில் எடிசனின் மின்கலங்கள் பொருத்தப்பட்டிருந்தன. 1916ஆம் ஆண்டு ஜனவரி 15ஆம் நாள் நியூயார்க்கின் புரூக்ளின் கப்பல் தளத்தில் அது நின்றிருந்தபோது, உள்ளே தேங்கிய ஹைட்ரஜன் வெடித்துச் சிலர் உயிரிழந்தனர். காற்றோட்டம் போதவில்லையா, மின்கலத்தின் இயல்பே காரணமா என்று விசாரணையில் வாதங்கள் நடந்தன. எடிசன் தரப்பு மின்கலத்தை விட்டுக்கொடுக்கவில்லை. கடற்படை அந்த மின்கலத்தை நீர்மூழ்கிகளில் பரவலாக்கவும் இல்லை.

முதுமையில் எடிசனின் கவனம் திரும்பிய திசை நமக்கு நெருக்கமானது. 1922இல் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்ற பெயரில் மலாயா, இலங்கை ஆகிய நாடுகளின் ரப்பர் ஏற்றுமதிக்கு வரம்பு விதித்தது. வீழ்ந்து கிடந்த விலையை உயர்த்துவது அதன் நோக்கம். விலை உயர்ந்தது, உலகிலேயே மிகுதியாக ரப்பர் வாங்கிய அமெரிக்கா கலங்கியது. தம்பினைப் போன்ற இடங்களில் தமிழ்த் தொழிலாளர் வெட்டிய பால், ஓர் உலக வல்லரசின் கவலையாக மாறிய காலம் அது. 1927இல் ஃபோர்டும் டயர் உற்பத்தியாளர் ஃபயர்ஸ்டோனும் எடிசனுடன் சேர்ந்து ஒரு தாவர ஆய்வு நிறுவனத்தை அமைத்தார்கள். அமெரிக்க மண்ணிலேயே விளையும் ரப்பர்ச் செடியைத் தேடுவது அதன் வேலை. எண்பது வயது எடிசன் மின்கலத்துக்குப் பயன்படுத்திய அதே முறையை இதற்கும் பயன்படுத்தினார். ஏறத்தாழ 17,000 செடி மாதிரிகள் சோதிக்கப்பட்டன. கோல்டன்ராடு என்னும் மஞ்சள் பூப்பூக்கும் காட்டுச்செடி தேறியது. அதைப் பன்னிரண்டு அடி உயரம் வளரும்படி அவர் வளர்த்தெடுத்தார். அதிலிருந்து கிடைத்த ரப்பர் நம் தோட்டத்து ரப்பரோடு விலையில் போட்டியிட முடியவில்லை. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள், தமது எண்பத்து நான்காம் வயதில், எடிசன் வெஸ்ட் ஆரஞ்ச் இல்லத்தில் காலமானார்.

அவருடைய மின்கலம் அவருக்குப் பிறகும் 44 ஆண்டுகள் வாழ்ந்தது. அமெரிக்காவில் அதன் உற்பத்தி 1975இல்தான் நின்றது. வீட்டுக்குள் நுழைந்தது அவருடைய போட்டியாளரின் மின்கலம். யுங்னரின் நிக்கல் காட்மிய மின்கலத்தை வாயு கசியாதபடி மூடி அடைக்கும் முறை 1940களின் இறுதியில் கைகூடியது. அதன் பிறகு அது விரல் அளவுக்குச் சிறுத்து, கைவிளக்குக்கும் வானொலிக்கும் சவரக் கருவிக்கும் வந்தது. ஆனால் காட்மியம் நச்சு உலோகம். 1980களின் இறுதியில், காட்மியத்தின் இடத்தில் ஹைட்ரஜனை உறிஞ்சி வைக்கும் கலப்பு உலோகத்தைக் கொண்ட நிக்கல் மின்கலம் சந்தைக்கு வந்தது. அதில் கொள்ளளவு கூடியது. மின்னூட்டம் கரையும் குறையோ இன்னும் கூடியது. கேமராவுக்கு மின்னூட்டி வைத்துவிட்டு அடுத்த மாதம் திருமணத்துக்கு எடுத்துச் சென்றவர்கள், படம் எடுக்கும் நேரத்தில் அது கைவிட்டதைக் கண்டார்கள்.

2005ஆம் ஆண்டின் இறுதியில் ஜப்பானின் சான்யோ நிறுவனம் இதற்கு ஒரு விடை கண்டது. கலப்பு உலோகத்தின் அமைப்பை மாற்றியும், இரு முனைகளுக்கும் நடுவில் இருக்கும் பிரிப்புத் தாளை மேம்படுத்தியும் அது செய்த மின்கலம், ஓராண்டு சும்மா கிடந்தாலும் மின்னூட்டத்தில் ஏறத்தாழ 85 விழுக்காட்டைத் தக்கவைத்தது. அதனால் கடையில் வாங்கும்போதே அது மின்னூட்டப்பட்டுக் கிடைத்தது, வாங்கியவுடன் பயன்படுத்தலாம். அதன் பின்னர் மற்ற நிறுவனங்களும் அவ்வகை மின்கலங்களைச் செய்யத் தொடங்கின. இன்று தம்பின் நகரக் கடைகளில் சுவர்க் கடிகாரத்துக்கும் கைவிளக்குக்கும் வாங்கப்படும், மீண்டும் மின்னூட்டக்கூடிய விரலளவு மின்கலங்களில் இவ்வகையும் உண்டு.

அந்த மின்கலத்தின் உறையைப் பார்த்தால் 1.2 வோல்ட்டு என்று அச்சிட்டிருக்கும். ஒருமுறை பயன்படுத்தி வீசும் மின்கலத்தில் இருப்பது 1.5. இந்தச் சிறு வேறுபாட்டுக்குப் பின்னே ஒரு நூற்றாண்டு இருக்கிறது. 1909இல் எடிசன் விற்ற மின்கலத்தின் ஒவ்வோர் அறையும் தந்தது 1.2 வோல்ட்டுதான், யுங்னருடையதும் அதுவே. உள்ளே எதிர்முனை இரும்பிலிருந்தும் காட்மியத்திலிருந்தும் கலப்பு உலோகத்துக்கு மாறிவிட்டது. நேர்முனையில் இருப்பது இன்றும் நிக்கல் ஹைட்ராக்சைடு. கரைசல், அதே பொட்டாசியம் ஹைட்ராக்சைடு.